கொப்பி யாருடைய பையில் இருப்பது: வன்னிப் பாடசாலை ஒன்றில் வழிகாட்டி ஆசிரியர் ஒழுங்கு, 2018–2020

புதிதாக வந்த ஐந்து ஆசிரியர்களுக்கு இரண்டு மூத்த ஆசிரியர்களைத் துணையாக விட்டு, இரண்டு வருடத்துக்குச் சற்று மேலாக நடத்திய ஒரு முயற்சியின் பதிவு இது. நான் அப்போது அந்தப் பாடசாலையின் பிரதி அதிபர். நடந்த பிழைகளில் பெரியது என்னுடையது என்பதால் எழுதும் பொறுப்பையும் நானே எடுத்தேன். பாடசாலை எது, ஆட்கள் யார் என்று தெரியக்கூடிய விபரங்களை விட்டுவிட்டேன். ஆட்களைப் பாடத்தைக் கொண்டே குறிப்பிடுகிறேன்.

பின்னணி

பாடசாலை வட இலங்கையின் வன்னியில், கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதியிலிருந்து உள்ளே தள்ளி, குளத்து வாய்க்கால் ஓரமாக இருக்கிறது. வகை 2, அதாவது தரம் 1 முதல் 11 வரை. 2009இல் ஊரோடு சேர்ந்து பாடசாலையும் இடம்பெயர்ந்தது. மீள்குடியேற்றத்தின்போது தகரக் கொட்டிலில் திரும்பத் தொடங்கியது. 2018இல் மாடிக் கட்டடம், விஞ்ஞான அறை எல்லாம் வந்துவிட்டன. ஆசிரியர்களும் 22 பேர் இருந்தார்கள். காகிதத்தில் பார்த்தால் குறை ஒன்றும் தெரியாது.

குறை வயதில் இருந்தது. எங்களிடம் ஓய்வுக்குக் கிட்ட நிற்பவர்கள் இருந்தார்கள், நேற்று வந்தவர்கள் இருந்தார்கள். நடுவில் பத்துப் பதினைந்து வருடச் சேவையோடு இருக்க வேண்டிய ஆட்கள் மிகச் சிலர்தான். சாதாரணமாக ஒரு பாடசாலையில் புதியவருக்கு வேலை பழக்குவது அந்த நடு அடுக்குத்தான். இடாப்பு எப்படி அடைப்பது, பின்வாங்கில் இருக்கும் பெடியனை எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் யாரும் திட்டம் போடாமலே தேநீர் நேரத்தில் கைமாறும். எங்களிடம் அந்த அடுக்கு இல்லை.

பஸ்ஸும் ஒரு காரணம். புதியவர்களில் மூன்று பேர் யாழ்ப்பாணத்திலிருந்து ஒவ்வொரு நாளும் வந்து போனார்கள். விடிய நாலரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து ஏழரை மணிக்கு முன் கையெழுத்து வைப்பார்கள். ஒன்றரைக்கு மணி அடித்தால் ஒன்றே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதை விட்டால் வீடு போய்ச் சேர இருட்டிவிடும். அவர்களைக் குறை சொல்வது வன்னியில் சுகமான பொழுதுபோக்கு. "இடமாற்றம் எப்ப எண்டு எண்ணிக்கொண்டிருக்கினம்" என்று நானும் சொல்லியிருக்கிறேன். ஒரு கிழமை அந்தப் பஸ்களில் போய் வந்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

உதவிக்கு வெளியில் யாரும் இல்லையா என்றால், இருந்தார்கள். கல்வி வலயத்தில் பாடத்துக்கு ஆசிரிய ஆலோசகர் உண்டு. ஆனால் ஒருவர் பல பாடசாலைகளைப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் வருடத்தில் ஒன்றிரண்டு தடவை வருவார். வந்தால் பாடக்குறிப்பைப் பார்த்து ஒப்பமிட்டு, இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த பாடசாலைக்குப் போக வேண்டும். கல்வியியற் கல்லூரியில் படித்து வருபவர்களுக்காவது மூன்றாவது வருடத்தில் ஒரு பாடசாலையில் பயிற்சி கிடைக்கிறது. பட்டதாரியாக நேரே நியமனம் பெற்று வருபவர் அநேகமாகக் கையில் வெண்கட்டியோடு முதல் தடவையாக வகுப்புக்குள் நுழைகிறார். பட்டப்பின் கல்வி டிப்ளோமா பிறகுதான்.

தொடக்கம்: 2018 தை

ஐந்து பேர்: கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய மூன்றுக்கும் பட்டதாரிகள், ஆங்கிலத்துக்கும் ஆரம்பப் பிரிவுக்கும் கல்வியியற் கல்லூரி முடித்த இருவர். வழிகாட்டிகளாக இரண்டு பேரைத் தெரிவு செய்தோம். ஒருவர் 27 வருடச் சேவையுள்ள மூத்த ஆசிரியை. தொண்டர் ஆசிரியையாகத் தொடங்கியவர். இடம்பெயர்வில் மரத்தடியிலும் பிறகு முகாமிலும் படிப்பித்தவர். மற்றவர் நாற்பதுகளில் இருந்த விஞ்ஞான ஆசிரியர். பாடத்தில் கெட்டிக்காரர், வயலும் வைத்திருந்தார்.

தெரிவு செய்தது நானும் அதிபரும். புதியவர்களைக் கேட்கவில்லை. மூத்த ஆசிரியையிடம் பட்டம் இல்லை. பட்டதாரி ஒருவர் அவருக்குக் கீழ் "பழகுவது" ஆசிரியர் அறையில் எப்படிப் பேசப்படும் என்பதையும் யோசிக்கவில்லை. அது பேசப்பட்டது. கணித ஆசிரியையின் காதில் விழும்படியே பேசப்பட்டது.

செய்முறை புதிதல்ல. பாடத்துக்கு முன் இருவரும் இருந்து கதைப்பது, பாடத்தைப் பார்ப்பது, பின் மறுபடி கதைப்பது. 1950களிலும் 60களிலும் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் மோரிஸ் கோகன், றொபேட் கோல்ட்ஹாமர் போன்றவர்கள் ஆசிரிய மாணவர்களோடு வேலைசெய்து வளர்த்த முறை இது. பெயர் சொல்லாவிட்டாலும் எங்கள் பயிற்சிப் பட்டறைகளிலும் இதைத்தான் சொல்லித்தருகிறார்கள். வழிகாட்டிக்கு ஆளுக்கொரு 80 பக்க ஒற்றை றூள் கொப்பி வாங்கிக் கொடுத்தேன். பார்த்ததை எழுதுங்கள், தவணை முடிவில் எனக்குக் காட்டுங்கள் என்றேன். அந்தக் கடைசி வசனத்தில்தான் பிற்பாடு நடந்ததெல்லாம் தொடங்கியது.

முதல் தவணையில் கண்டவை

விஞ்ஞான ஆசிரியர் முதல் கிழமையே ஒரு பாடத்துக்குப் போனார். புதிய விஞ்ஞான ஆசிரியை தாவரக் கலத்தின் படத்தைக் கீறிக்கொண்டிருந்தார். கலச்சுவரை மெல்லிதாகக் கீறிவிட்டாராம். பின்னுக்கு இருந்த வழிகாட்டிக்குப் பொறுக்கவில்லை. எழும்பிப் போய் வெண்கட்டியைக் கையில் வாங்கி, தானே கீறி, தானே விளங்கப்படுத்தி, பாடவேளையையும் முடித்துவிட்டார். பிள்ளைகளுக்கு நல்ல பாடம் கிடைத்தது, அதில் சந்தேகமில்லை. அந்த ஆசிரியை அடுத்த நாள் அதே வகுப்புக்குள் எந்த முகத்தோடு போயிருப்பார் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

மூத்த ஆசிரியையின் கை வேறு. அவர் முன்வரிசையிலும் இருக்கமாட்டார், கடைசியிலும் இருக்கமாட்டார். யன்னல் பக்கமாக, பிள்ளைகளின் கொப்பி தெரியும் இடத்தில் கதிரையைப் போட்டுக்கொள்வார். பெப்ரவரியில் தரம் 7இல் பின்னம் கூட்டும் பாடத்தைப் பார்த்தார். கரும்பலகையில் அரையும் மூன்றில் ஒன்றும். கணித ஆசிரியை பொதுப்பகுதி எடுக்கும் முறையை ஒழுங்காகவே சொன்னார். உதாரணத்துக்குக் காணிக் கணக்கை எடுத்து "நாலு பரப்புக் காணி" என்று தொடங்க, ஒரு பெடியன் "ரீச்சர், பரப்பு எண்டா என்ன?" என்று கேட்டானாம். யாழ்ப்பாணத்தில் காணியைப் பரப்பில் அளப்பார்கள், 16 பரப்பு ஒரு ஏக்கர். எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்தது ஏக்கர்தான்.

மூத்த ஆசிரியையின் கொப்பியில் அன்று இருந்தவை இவை. 40 நிமிடத்தில் கேட்ட கேள்வி 31. அவற்றில் 22க்கு ஆசிரியையே பதில் சொன்னார். கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் மூச்சு விடும் நேரம்தான். மூன்றாம் வரிசைப் பிள்ளை 2/5 என்று எழுதி, பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்துவிட்டு அழித்தாள். பிறகு 5/6 என்று எழுதினாள். சரி போடப்பட்டது.

அந்தக் கொப்பியை நான் பின்னர் வாசித்தபோது மேரி பட் றோவின் ஆய்வுதான் நினைவுக்கு வந்தது. கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார், அதை மூன்று விநாடியாக்கினால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது, "தெரியாது" குறைகிறது, வாய் திறக்காத பிள்ளையும் வாய் திறக்கிறது என்று அமெரிக்க வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து 1970களில் காட்டியவர் அவர். எங்கள் மூத்த ஆசிரியை அவரைக் கேள்விப்பட்டதே இல்லை. கைமணிக்கூட்டைக் கழற்றி மேசையில் வைத்து எண்ணியிருக்கிறார், அவ்வளவுதான்.

இடைவேளையில் பாலை மரத்துக்குக் கீழே இருவரும் கதைத்ததை இரண்டு பேருமே பின்னர் எனக்குச் சொன்னார்கள். கணித ஆசிரியை முதலில் கேட்டது: "ரீச்சர், நான் பிழையாப் படிப்பிச்சனானோ?"

"அதை விடும் பிள்ளை. மூண்டாம் வரிசைப் பிள்ளை என்ன எழுதி அழிச்சவள் எண்டு பாத்தனீரோ?"

பார்க்கவில்லை. இருவரும் மரத்தடியில் இருந்தபடியே அந்த 2/5க்கு என்ன செய்யலாம் என்று யோசித்திருக்கிறார்கள். பஸ்ஸுக்கு அரை மணித்தியாலம் காத்திருந்து, பிறகு மூன்றில் ஒரு மணித்தியாலம் பயணம் செய்தால் எவ்வளவு நேரம்? 30உம் 20உம், 50 நிமிடம். 2/5 மணித்தியாலம் என்றால் 24 நிமிடம். காத்திருந்த நேரத்தை விடவே குறைவு! அடுத்த பாடத்தில் கணித ஆசிரியை இதைச் சொல்லிக்கொடுக்காமல் கேள்வியாகவே விட்டார். 2/5 பெரிதா, அரை பெரிதா? விட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு நின்றார். அந்தச் சில விநாடி ஒரு வருடம் போல இருந்தது என்று சொன்னார்.

முதல் தவணை முடிவில் கணிதம், ஆங்கிலம், ஆரம்பப் பிரிவு மூன்றும் மூத்த ஆசிரியையோடு நன்றாகப் போய்க்கொண்டிருந்தன. விஞ்ஞானமும் வரலாறும் விஞ்ஞான ஆசிரியரோடு ஏனோதானோ என்று இருந்தன.

கொப்பி வெளியே போன நாள்

இரண்டாம் தவணையில் குழு மேற்பார்வை, அதாவது கல்வி அதிகாரிகள் குழுவாக வந்து பாடசாலையைப் பார்ப்பது, வந்தது. பாடசாலைமட்ட ஆசிரியர் அபிவிருத்திக்கு என்று ஒரு கோவை இருக்கும். அதில் கூட்ட அறிக்கையும் கையொப்பமும் இருக்கும். எங்களிடம் அதைவிட உயிருள்ள சான்று இருக்கிறதே என்ற பெருமையில், வழிகாட்டிகளின் கொப்பிகளை வாங்கி மேசையில் அடுக்கி வைத்தேன். யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

வந்தவர்கள் பாராட்டினார்கள். நல்ல முயற்சி, தொடருங்கள் என்று எழுதினார்கள். அன்று பின்னேரக் கூட்டத்தில், எல்லா ஆசிரியர்களும் இருக்க, அவர்களில் ஒருவர் கணித ஆசிரியையைப் பார்த்து, "கேள்வியையும் கேட்டுப் பதிலையும் நீங்களே சொல்லுறீங்களாம், அதைக் கொஞ்சம் கவனியுங்கோ" என்றார். சொன்ன விதத்தில் கடுமை இல்லை. சொன்ன விஷயமும் உண்மை. ஆனால் அது பெப்ரவரியின் உண்மை. ஜூன் மாதத்தில் அவர் அதைக் கடந்து வந்துவிட்டிருந்தார், கொப்பியின் பின்பக்கங்களில் அதுவும் இருந்தது. வாசித்தவர் முன்பக்கத்தோடு நிறுத்திவிட்டார்.

புதிய நியமனத்துக்கு மூன்று வருடத் தகுதிகாண் காலம் இருக்கிறது. அது முடிந்து சேவையில் உறுதிப்படுத்தும் வரை, மேலிடத்தில் இருந்து வரும் ஒரு வரியும் சும்மா வரி அல்ல. கூட்டம் முடிந்ததும் கணித ஆசிரியை பஸ்ஸுக்குப் போகும் அவசரத்தில் படலையடியில் என்னைக் கண்டு, "சேர், அது ரீச்சருக்கும் எனக்கும் எண்டுதான் நினைச்சனான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மூத்த ஆசிரியை என்னிடம் வரவே இல்லை. அடுத்த நாள் அவருடைய கொப்பியைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்கி, மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார்.

அதன்பின் இரண்டு மாதம்

பதிவேட்டின்படி எல்லாம் நடந்தது. பாடம் பார்க்கப் போனார்கள், திகதி போட்டார்கள். பார்க்கக் கிடைத்த பாடங்கள் மட்டும் திடீரென்று மிக நல்ல பாடங்களாகிவிட்டன. வர்ண அட்டை, குழுச் செயற்பாடு, எல்லாப் பிள்ளையும் கை உயர்த்துவது. ஆங்கில ஆசிரியையின் வகுப்பில் ஒரு சிறுமி கை உயர்த்தி, "ரீச்சர், இது நேற்றுச் செய்ததெல்லோ?" என்று கேட்டபோது விஷயம் வெளிவந்தது. பார்க்க வரும் நாளுக்கு முதல்நாளே பாடத்தை நடத்தி ஒத்திகை பார்த்திருந்தார்கள்.

அவர்கள் செய்தது பொய் என்று நான் அப்போது கோபப்பட்டேன். அதிபர்தான் நிதானமாகச் சொன்னார்: பரீட்சை என்று தெரிந்தால் யாரும் படித்துக்கொண்டுதான் வருவார்கள், நாங்கள் அதைப் பரீட்சையாக்கிவிட்டோம்.

மூன்றாம் தவணைக்காக எடுத்த முடிவுகள்

ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு நாள் ஏழு பேரையும் கூப்பிட்டோம். நான் செய்தது பிழை என்று சொன்னேன். அதைச் சொல்வது எனக்கு லேசாக இருக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். பிறகு நாங்கள் சேர்ந்து முடிவெடுத்தவை இவை.

கொப்பி இனிப் புதிய ஆசிரியருடையது. அவரே வாங்குவார், அவர் பையிலேயே இருக்கும். பாடம் பார்க்க வரும்போது வழிகாட்டியிடம் கொடுப்பார், முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்வார். எனக்கோ அதிபருக்கோ வெளியில் இருந்து வருபவருக்கோ கொப்பி காட்டப்படமாட்டாது. எனக்கு வரவேண்டியது ஒரு துண்டு: திகதி, பாடவேளை, இருவரின் கையொப்பம். அபிவிருத்திக் கோவைக்கு அந்தத் துண்டுகள் போதும். போதாது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

பக்கத்தை நடுவால் கோடு கிழிப்பது. இடப்பக்கம் வழிகாட்டி எழுதுவது, அதிலும் கண்டதும் கேட்டதும் மட்டும். 'நல்லது', 'போதாது', 'திருப்தி' போன்ற சொற்களுக்கு இடமில்லை. வலப்பக்கம் புதிய ஆசிரியர், தனக்குத் தோன்றியதை. இதை முன்மொழிந்தவர் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. மூத்த ஆசிரியையின் பழைய கொப்பியே பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது.

பார்ப்பவர் கதிரையை விட்டு எழும்புவதில்லை. இது யாருக்காக என்று எல்லோருக்கும் தெரியும். விஞ்ஞான ஆசிரியரே முதலில் சிரித்தார்.

உறுதிப்படுத்தலுக்கும் வருடாந்த மதிப்பீட்டுக்கும் எழுதுவது என் வேலை. ஆகவே வழிகாட்டலில் நான் ஒதுங்கினேன். வகுப்பைப் பார்க்க நான் போனால் அது மேற்பார்வை என்று முன்னரே சொல்லிவிட்டுப் போவேன், என் குறிப்பு வேறு தாளில் இருக்கும்.

அப்புறம் நேரம். பாடசாலை விட்ட பிறகு ஐந்து நிமிடமும் கிடையாது, பஸ் நிற்காது. இடைவேளை 20 நிமிடத்தில் சாப்பிடவும் வேண்டும். ஆகவே நேரசூசிக்குள்தான் இடம் தேட வேண்டும். ஒரு சனிக்கிழமை முழுக்கப் பென்சிலும் அழிறப்பருமாக இருந்தேன். கிழமைக்கு 40 பாடவேளை. ஐந்து சோடிக்கும் பொதுவான ஓய்வுப் பாடவேளை தேடியதில் ஒரு சோடிக்குத்தான் தானாக அமைந்தது. மற்றவர்களுக்கு மாற்றி மாற்றிப் போட்டதில் தரம் 6க்கு வியாழன் ஒரு பாடவேளை ஆள் இல்லாமல் போனது. அதிபர் அதைத் தான் எடுப்பதாகச் சொன்னார். நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதை வாசித்தார். அந்த ஒரு மணித்தியாலத்துக்கும் குறைந்த நேரம் இல்லாவிட்டால் மற்ற முடிவுகள் எல்லாம் காகிதத்திலேயே நின்றிருக்கும்.

கடைசியாக, செப்ரெம்பர் முழுக்க யாரும் புதியவர்களின் வகுப்புக்குப் போவதில்லை. புதியவர்கள் மூத்தவர்களின் வகுப்புக்குப் போய் இருப்பார்கள். மூத்த ஆசிரியைக்கு இது பிடிக்கவில்லை. "என்ர வகுப்பில பாக்க என்ன கிடக்கு?" என்றார். முதல்நாள் தரம் 9இல் ஒரு சமன்பாட்டில் குறியைப் பிழையாகப் போட்டுவிட்டார். ஒரு பெடியன் எழும்பிச் சொன்னான். "ஓம் ராசா, கொண்டு வா, நீ வந்து திருத்து" என்று வெண்கட்டியை அவனிடம் கொடுத்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் கணித ஆசிரியையும் இருந்தார். இரண்டு கிழமை கழித்து, தன் வகுப்புக்கு வரச்சொல்லி அவராகவே கேட்டார். கேட்ட பாடம் ஒத்திகை பார்த்த பாடமல்ல. அவருக்கு மிகவும் கஷ்டமாக இருந்த தரம் 8 'ஆ' பிரிவு, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை.

தொடர்ந்தவை

ஒக்ரோபரில் காலபோக விதைப்பு தொடங்கியதும் விஞ்ஞான ஆசிரியர் விலகினார். வயல் ஒரு காரணம். சும்மா இருந்து பார்ப்பது தனக்கு ஒத்துவரவில்லை என்றும் நேர்மையாகச் சொன்னார். அவரோடு இருந்த விஞ்ஞான ஆசிரியையை மூத்த ஆசிரியை எடுத்துக்கொண்டார். நாலு பேருக்கு மேல் முடியாது என்றார். வரலாற்று ஆசிரியருக்குப் பிறகு பார்ப்போம் என்று நான் சொன்னேன்.

டிசம்பர் கடைசியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களைப் பிடித்த வெள்ளத்தில் எங்கள் ஊரின் தாழ்ந்த பக்கமும் மூழ்கியது. வகுப்பறைகளில் சனம் தங்கியது. தை மாதம் கதவைத் திறந்தபோது ஆசிரியர் அறை அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்த கோவைகள் ஊறி ஒட்டிப்போயிருந்தன. நான் சேர்த்து வைத்த துண்டுகளும் அதற்குள் போயின. கொப்பிகள் அவரவர் பையில் இருந்ததால் தப்பின.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின் பாடசாலை மே மாதத்தில்தான் தொடங்கியது. படலையில் பைச் சோதனை, பெற்றோர் காவல், பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வழிகாட்டலை நினைக்கக்கூட யாருக்கும் மனம் இல்லை. நானும் கேட்கவில்லை. ஜூலையில் ஒருநாள் மேசையில் ஒரு துண்டு கிடந்தது: திகதி, பாடவேளை, இரண்டு கையொப்பம். ஒருவரும் சொல்லாமலே அவர்களாகத் திரும்பத் தொடங்கியிருந்தார்கள். இந்த ஒழுங்கு வேர்பிடித்தது என்று நான் நம்பியது அன்றுதான்.

கணித ஆசிரியை கொப்பியின் சில பக்கங்களைத் தானாகவே எனக்குப் படித்துக் காட்டினார். 2019 மூன்றாம் தவணையில் ஒரு பாடத்தில் கேள்விகள் 13. அவற்றில் அவரே பதில் சொன்னது இரண்டுக்கு. வலப்பக்கத்தில் அவர் எழுதியிருந்தது: "13இல் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். மிச்சம் நேரம் போக்கக் கேட்டவை." அந்த வருடம் புதிதாக வந்த ஒருவருக்கு அவரே துணையாக நின்றார். இடமாற்றம் கேட்டு விண்ணப்பமும் போட்டார். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று நான் நினைக்கவில்லை.

ஆங்கில ஆசிரியை கலியாணம் முடித்து வேறு வலயத்துக்குப் போனார். விஞ்ஞான ஆசிரியை, ஆரம்பப் பிரிவு ஆசிரியை இருவரும் இருந்தார்கள். பெறுபேறு கூடியதா என்று கேட்பார்கள். இவர்கள் தொடக்கத்தில் இருந்து படிப்பித்த எந்த வகுப்பும் அதற்குள் சாதாரண தரப் பரீட்சைக்கு வந்துசேரவில்லை. வந்திருந்தாலும் ஐந்தாறு காரணங்களில் இது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகள் மூடப்பட்டதோடு ஒழுங்காக நடத்தியது நின்றது. மூத்த ஆசிரியையிடம் இருந்தது பொத்தான் போன். ஆகவே அந்த மாதங்களில் கணித ஆசிரியை அவருக்கு அழைப்பெடுத்து, பிள்ளைகள் வட்ஸ்அப்பில் அனுப்பிய விடைகளை வாயால் வாசித்துக் காட்டினாராம். பின்னக் கணக்கை வாயால் வாசிப்பது எப்படி என்று நான் கேட்கவில்லை.

வரலாற்று ஆசிரியர்

அவருக்கு வழிகாட்டி இல்லாமல் போனது 2018 ஒக்ரோபரில். 2019 முதலாம் தவணைக்குள் வேலையை விட்டுப் போய்விட்டார். விலகல் கடிதத்தில் சொந்தக் காரணம் என்று இருந்தது.

பிற்பாடு தொலைபேசியில் கதைத்தபோதுதான் தெரிந்தது. அவர் பஸ்ஸில் வந்து போனவர் அல்ல, பாடசாலை விடுதியில் தனியாக இருந்தவர். நாங்கள் எல்லோரும் அதை வசதி என்று நினைத்திருந்தோம். விடுதிக் கூரை ஒழுகியது. ஆறு மணிக்குப் பிறகு சந்திக் கடையும் பூட்டிவிடும். இராச்சாப்பாடு பெரும்பாலும் பிஸ்கற்றும் தேநீரும். அருகில் யானை வரும் பக்கம் என்பதால் இருட்டிய பிறகு வெளியில் இறங்கவும் ஏலாது. அவருடைய பாடங்களில் பெரிய குறை ஒன்றும் இருக்கவில்லை. விஞ்ஞான ஆசிரியர் எழுதிய நாலு பக்கத்திலும் "களைப்பாகத் தெரிகிறார்" என்று இரண்டு இடத்தில் இருந்தது. அதை நான் மேற்பார்வைக்கு அடுக்கி வைத்தபோது வாசித்தேன். வாசித்துவிட்டு ஆயத்தம் போதாது என்று எடுத்துக்கொண்டேன்.

"சேர், எல்லாரும் பாடத்தைப் பற்றித்தான் கேட்டவை" என்றார். குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை.

மாற்ற வேண்டியவை

திரும்பச் செய்வதென்றால் நேரசூசியை முந்திய வருட டிசம்பரிலேயே இந்தச் சோடிகளை வைத்துத் தொடங்குவேன். தையில் எல்லாம் போட்டு முடித்தபின் இடம் தேடினால் பென்சில்தான் தேயும்.

வழிகாட்டியைத் தெரிவு செய்யும்போது பாட அறிவையும் சேவைக்காலத்தையும் மட்டும் பார்க்கமாட்டேன். நாற்பது நிமிடம் எழும்பாமல் இருக்கக்கூடியவரா என்பதையும் பார்ப்பேன். முதல் மாதம் புதியவர்கள் எல்லா மூத்தவர்களின் வகுப்புக்கும் போய்வரட்டும். யாரோடு இருக்க விருப்பம் என்று பிறகு அவர்களைக் கேட்கலாம். பட்டம் இருக்கிறதா இல்லையா என்ற பேச்சு அப்போது தானாகக் குறைந்துவிடும் என்று எனக்கு ஒரு எண்ணம். பரீட்சித்துப் பார்க்கவில்லை.

மூத்த ஆசிரியைக்கு நாங்கள் பரிசளிப்பு விழாவில் பொன்னாடை போர்த்தினோம். கிழமைக்கு இரண்டு பாடவேளை குறைத்துக் கொடுத்திருக்கலாம். அவர் கேட்டது அதைத்தான்.

ஒருவரோடு யாரும் இல்லாமல் போனால் அதை "பிறகு" என்று விடக்கூடாது. ஆள் இல்லாவிட்டால் பாடம் பார்க்க வேண்டாம். கிழமைக்கு ஒருதரம் யாராவது விடுதிப் பக்கம் போய், சாப்பிட்டீரா என்று கேட்டாலே போதும். அந்த விடுதிக் கூரைக்கு 2020இல் ஓடு மாற்றினோம். இப்போது இரண்டு பேர் இருக்கிறார்கள். சந்திக் கடைக்காரரின் வீட்டில் இரவுச் சாப்பாடு ஒழுங்கு செய்திருக்கிறது.

வரலாற்று ஆசிரியரின் பக்கங்கள் மட்டும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. விஞ்ஞான ஆசிரியர் விலகும்போது தன் பழைய கொப்பியை என்னிடம் தந்துவிட்டுப் போனார். ஓகஸ்ட் முடிவின்படி அது என்னிடம் இருக்கக்கூடாது. அந்த நாலு பக்கத்தையும் வெட்டித் தபாலில் அனுப்ப முகவரி கேட்டிருக்கிறேன்.